பார்த்துப் பசியாறிய ஊர்

ஐப்பசி எட்டாம் தேதி காலையில், மூன்று நாளாய்க் கொட்டித் தீர்த்த மழை கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், கழிமுனைப் பறவைகள் சரணாலயத்தின் தற்காலிகக் காவலர் பக்கிரிசாமி தன் அக்கா நீலாயதாட்சியை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, அவள் சரிந்து விழுந்துவிடாமலிருக்க ஒரு பழைய வேட்டியால் அவளைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, சேற்றில் வழுக்கிய கரைமேல் மெல்ல மிதித்துப் போனபோது, அவள் தண்ணீரைத் தவிர வேறெதையும் விழுங்கிப் பன்னிரண்டு நாளாகியிருந்தது.

அவளுடைய உணவுக்குழாயில் ஒரு கட்டி வளர்ந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் நான்கு மாதம் வைத்திருந்து, செய்ய முடிந்ததையெல்லாம் செய்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். முப்பது வருஷம் உப்பளத்தில் உப்பு வாரிய உடம்பு அவளுடையது. அம்மா செத்தபோது அவளுக்குப் பதினைந்து வயது, பக்கிரிசாமிக்கு நாலு. அன்றைக்கு இடுப்பில் ஏறியவனை அவள் பிறகு இறக்கிவிடவே இல்லை என்று ஊரில் சொல்வார்கள். அவளும் கட்டிக்கொள்ளவில்லை, அவனுக்கும் எதுவும் கூடிவரவில்லை. நாற்பத்தொரு வயதிலும் அக்கா போட்ட சோற்றைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அன்று காலையில் அவள்தான் கேட்டாள். "வூட்டுக்குள்ளயே கெடந்தா அடுப்பப் பாத்துக்கிட்டேதான் கெடக்கணும். எங்கயாச்சும் கூட்டிட்டுப் போடா."

அவனுக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். கரையோரத்தில், பார்வையாளர்கள் நின்று பறவை பார்ப்பதற்காகப் போட்டிருந்த ஓலைக் கொட்டகையில் அவளை இறக்கி உட்காரவைத்தான். எதிரே உப்பங்கழி கண்ணுக்கெட்டியவரை விரிந்து கிடந்தது. வடக்கேயிருந்து வந்த பறவைகள் அந்த வாரம்தான் இறங்கியிருந்தன. பூநாரைகள் முழங்கால் தண்ணீரில் நின்று, தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்துச் சேற்றை அரித்துத் தின்றுகொண்டிருந்தன. அக்கா அவற்றில் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது தலையைத் தூக்கியது. அவ்வளவு நீளமான கழுத்தில், மேலிருந்து கீழே, சின்னதாய் ஒரு வாய் உணவு மெல்ல இறங்கிப்போனது. அது போய்ச் சேரும்வரை அக்கா கண்ணை எடுக்கவில்லை. மறுபடி அது குனிந்தது, மறுபடி நிமிர்ந்தது, மறுபடி இறங்கியது. அரைமணி நேரம் கழித்துக் கொட்டகைக்குள் ஒரு ஏப்பச் சத்தம் கேட்டது.

பக்கிரிசாமி திரும்பிப் பார்த்தான். அங்கே அவர்கள் இருவரையும் தவிர யாரும் இல்லை.

"நாந்தான்டா. வவுறு ரொம்பிடுச்சு" என்றாள் அவள். கொஞ்சநேரம் நாக்கைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "கேப்பைக் கூழு மாரி இருக்கு. கொஞ்சம் உப்பு தூக்கல்" என்றாள்.

அவன் ஆச்சரியப்பட்டு நிற்கவில்லை. சைக்கிளில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தான். பன்னிரண்டு நாளில் முதல்முறையாக அவள் குறட்டைவிட்டுத் தூங்கினாள். மறுநாள் விடிந்ததும் திரும்ப அங்கே கூட்டிப்போனான்.

கழிமுனையில் ஐப்பசி முதல் மார்கழி வரை மூன்று மாதம் யாருக்கும் வேலை இருக்காது. உப்பளம் முழுக்க மழைத்தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும், கடலும் சீறிக்கொண்டிருக்கும், ஒருவேளைக் கஞ்சியை மூன்றுவேளையாகப் பிரிக்கத் தெரிந்தவள்தான் அங்கே நல்ல பெண்டாட்டி. அதனால் செய்தி பரவ ஒருநாள்கூட ஆகவில்லை. முதலில் நத்தை பொறுக்கப் போன பெண்கள் பார்த்தார்கள். கூடை காலியாக இருக்க, வயிறு நிறைந்து திரும்பினார்கள். அப்புறம் நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவித்த விதவை குஞ்சம்மாள், நான்கையும் வரிசையாகக் கரையில் உட்காரவைத்து, "அங்க பாருங்கடி, அந்தப் பெரிய வாயிக்காரனப் பாருங்க" என்று கூழைக்கடாவைக் காட்டினாள். அது தன் பையலகில் ஒரு மீனை அள்ளி விழுங்கியதும் நான்கு பெண்களும் ஒரே நேரத்தில் வயிற்றைத் தடவிக்கொண்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஊரே கரைக்கு வந்துவிட்டது.

எந்தப் பறவை யாருக்கு ஆகும் என்பது சீக்கிரமே தெரிந்துபோனது. கூழைக்கடா கொடுவாமீன் குழம்புபோல நெஞ்சுவரை நிறைத்தது. கூலி வேலைக்காரர்களுக்கு அதுதான் தாங்கியது. பல் போனவர்கள் பூநாரையைப் பார்த்தார்கள். கரண்டிவாயன் அலகால் தண்ணீரை இடமும் வலமும் அலசி எதைப் பிடித்தாலும் அதில் நண்டு ருசி இருந்தது. கைக்குழந்தைக்காரிகள் கொசு உள்ளானைக் காட்டினார்கள். வடதுருவத்துக்குப் பக்கத்திலிருந்து பறந்து வருகிற, சிட்டுக்குருவியைவிடச் சின்னதான அந்தப் பறவை, சேற்றில் தையல் மிஷின் ஊசிபோலக் குத்திக் குத்தித் தின்பதைப் பார்த்த குழந்தைகள் அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கின.

ஊர் தன்னை அதற்கேற்ப மாற்றிக்கொண்டது. காலையில் ஏழு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் கரையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். வெள்ளிக்கிழமை விரதக்காரர்கள் கழிக்கு முதுகு காட்டி நடந்தார்கள். டீக்கடை சாகுல் பாய் நோன்பு வைத்த நாளில் கழிப்பக்கத்து ஜன்னலைச் சாக்கால் மூடினார். சூரியன் இறங்கியதும் ஓடிப்போய், மிச்ச வெளிச்சத்தில் ஏதாவது ஒரு கொக்காவது இரையெடுக்கிறதா என்று தேடினார். கார்த்திகையில் குஞ்சம்மாளின் மூத்தமகள் கல்யாணத்துக்குப் பந்தியே கரையில்தான் நடந்தது. வாழையிலை இல்லை, பாயசம் இல்லை. மாப்பிள்ளை வீட்டாரை முன்வரிசையில் உட்காரவைத்துச் சந்தனம் கொடுத்தார்கள். அதற்குள் காற்று மாறிக் கூழைக்கடாக்கள் கிழக்கே நகர்ந்துவிட, மாப்பிள்ளையின் தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, "எங்களுக்குக் கொக்கு, பொண்ணு வீட்டுக்காரங்களுக்குக் கூழைக்கடாவா? இதான் மரியாதையா?" என்று கத்த, அவரைச் சமாதானப்படுத்தி இடம் மாற்றி உட்காரவைக்க அரைநாள் ஆனது. ஊரே கரையில் கூடுவதைக் கேள்விப்பட்டு விசாரிக்க வந்த ஒரு அதிகாரியும் கரையில் நின்று பார்த்தார், ஏப்பம் விட்டார், கையைத் தண்ணீரில் கழுவிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

கூரைகளிலிருந்து புகை எழுவது நின்றுபோனது. அடுப்புகளில் பூனைகள் குட்டி போட்டன. மிச்சம் மீதி விழாததால் காக்கைகள் அடுத்த ஊருக்குப் போய்விட்டன, கோழிகள் மெலிந்தன, எறும்புகள்கூட ஒருநாள் நீளவரிசையாக ஊரைவிட்டு வெளியேறியதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். மாமியார் மருமகள் சண்டை குறைந்தது. குறை சொல்லக் குழம்பு இல்லை. ஒரே ஒரு வீட்டில் மட்டும் அடுப்பு எரிந்தது. துரைக்கண்ணுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அவர் பெண்டாட்டி பாக்கியம் தானும் கரைக்கு வராமல் அவருக்காக உலை வைத்தாள். "அவரு பட்டினி கெடக்க, நான் மட்டும் பாத்துட்டு வரவா?" என்றாள். சோறு வேகும் மணம் வரும்போது சிலர் காரணமில்லாமல் அந்த வேலியோரம் வந்து கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போவார்கள்.

அக்காவின் உடம்பில் சதை பிடித்தது. முழங்கைவரை ஏறிப்போகும் வளையல் மணிக்கட்டிலேயே நின்றது. கார்த்திகைக்குப் பிறகு வேட்டியால் கட்டவேண்டிய அவசியம் இல்லாமல் கேரியரில் தானே உட்கார்ந்து வந்தாள். திரும்பி வரும்போது அன்றைக்குப் பார்த்ததைச் சொல்லிக்கொண்டே வருவாள். அவன் பிள்ளையாக இருந்தபோது உப்பளத்திலிருந்து வந்ததும் அவன் வயிற்றை அமுக்கிப் பார்த்து, ரொம்பிடுச்சா என்று கேட்பாள். இப்போது அவன் கேட்டான். "ரொம்பிடுச்சாக்கா?" அவள் அவன் முதுகில் தட்டுவாள்.

பக்கிரிசாமிக்குச் சரணாலயத்தில் இன்னொரு வேலையும் இருந்தது. ரேணுகா மேடம் என்று ஒரு ஆராய்ச்சிக்காரர் வெளியூரிலிருந்து நடத்திய கணக்கெடுப்புக்காக, மாதம் ஒருமுறை மெல்லிய வலை கட்டிச் சின்னப் பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, எடை பார்த்து எழுதிவிட்டுப் பறக்கவிட வேண்டும். அவன் பாட்டன் காலத்தில் அதே கழியில் அதே பறவைகளைக் கண்ணி வைத்துப் பிடித்துச் சந்தையில் விற்றார்கள். பிடிக்கிற கை பழைய கைதான். இப்போது விட்டுவிடுகிறது, அவ்வளவுதான்.

ஐப்பசியில் வந்திறங்கிய கொசு உள்ளான் இருபத்திரண்டு கிராம் இருந்தது. மார்கழியில் அதே வளையம் போட்ட பறவையைப் பிடித்தபோது பத்தொன்பது. தராசில் போடுவதற்கு முன்பே அவன் கைக்குத் தெரிந்துவிட்டது. நெஞ்செலும்பு கத்திமுனைபோல அவன் விரலில் இடறியது. இருபது பறவை பிடித்தான்; இருபதும் அப்படித்தான். கழியில் இரைக்குப் பஞ்சமில்லை. சேற்றைக் கையால் அள்ளினால் புழு நெளிந்தது. பறவைகள் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை தின்றுகொண்டேதான் இருந்தன. தின்றது எதுவும் அவற்றின் உடம்பில் ஒட்டவில்லை. கரையில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஊரை அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். குழந்தைகளின் கன்னம் உப்பியிருந்தது. கொட்டகையில் அக்கா, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் நோட்டில் இருபத்திநாலு என்று எழுதினான்.

தையில் மழைத்தண்ணீர் வடிந்து உப்பளத்தில் வேலை தொடங்கியது. கையில் கூலி வந்தது. ஆனாலும் யாரும் அடுப்பு மூட்டவில்லை. பழகிவிட்டது. மாசியில் எடை பதினாறு. பங்குனியில் நாலாயிரம் மைல் பறப்பதற்கு அந்தப் பறவை முப்பது கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ரேணுகா மேடம் போனில் கேட்டார்.

"எப்படி இருக்கு பக்கிரிசாமி, நல்லாக் கொழுத்திருக்கா?"

"நல்லா இருக்குதுங்க மேடம்."

"எவ்வளவு?"

"முப்பதைத் தாண்டிடுச்சுங்க."

போனை வைத்துவிட்டு நோட்டை மூடினான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். அன்று சாயங்காலம் அக்கா, "ஏன்டா மூஞ்சி இப்புடி இருக்கு?" என்றாள். "வெயிலு" என்றான்.

பங்குனி பாதியில் தெற்கேயிருந்து சோழகக் காற்று வீசத் தொடங்கியது. அந்தக் காற்றின் முதுகில் ஏறித்தான் பறவைகள் வருஷாவருஷம் ஊர் திரும்பும். அவை கூட்டம் கூட்டமாக எழும்பின, கழியை மூன்று சுற்று சுற்றின, வடக்கே முகம் திருப்பின. பிறகு ஒவ்வொன்றாகத் தண்ணீரிலேயே வந்து இறங்கின. மறுநாளும் அப்படியே. ஊருக்கு ஒரே சந்தோஷம். இந்த வருஷம் பறவைகள் போகாது, இனி எந்த வருஷமும் போகாது என்று கோயில் வாசலில் தப்பு அடித்தார்கள். நாலாம் நாள் காலையில் உப்பளத்துக்குப் போனவர்கள் பாத்திகளில் கொசு உள்ளான்கள் செத்துக் கிடப்பதைப் பார்த்தார்கள். உப்புப் படிந்து, கல் கல்லாக. பெண்கள் அவற்றைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஐம்பது அறுபது இருக்கும். முந்தானையில் கனமே இல்லை.

பக்கிரிசாமி வீட்டுக்குப் போய் அக்காவின் முன்னால் உட்கார்ந்தான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"எனக்குத் தெரியும்டா" என்றாள் அவள்.

"என்னா தெரியும்?"

"தையிலயே தெரியும். கூழு தண்ணியாப் போயிருச்சு. மொதல்ல அரைமணி பாத்தாப் போதும். இப்ப மூணு மணி நேரம் பாக்கணும். அதுங்க கிட்ட இல்ல, அதான் வரல. சட்டியச் சொரண்டித்தான் தின்னுக்கிட்டிருந்தேன்."

"தெரிஞ்சுமாக்கா?"

அவள் சேலை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"பசிச்சுதுடா தம்பி. வேற என்னா சொல்ல."

அவன் வெளியே வந்து கோயில் வாசலில் ஊரைக் கூட்டினான். நோட்டைக் காட்டினான். தான் எழுதிய பொய் எடைகளையும், மனசுக்குள் வைத்திருந்த உண்மை எடைகளையும் மாதவாரியாகச் சொன்னான். யார் யாரோ கத்தினார்கள். நாலு மாதமாக வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு இப்போது வந்து சொல்கிறான் என்றார்கள். சரிதான் என்று அவன் தலையை ஆட்டினான். "நம்ம புள்ளைங்க வவுறா, குருவி வவுறா?" என்று ஒருவன் எழுந்தான்.

குஞ்சம்மாள் முந்தானையை விரித்து, அதிலிருந்த பறவைகளைக் கோயில் தளத்தில் வைத்தாள். "எம் புள்ளைங்க நாலும் உசிரோட இருக்குறது இதுங்களாலதான்" என்றாள். "அதுங்களுக்கும் ஊரு இருக்கு. போய்த்தான் குஞ்சு பொரிக்கணும். இப்ப உப்பளத்துல வேலை இருக்கு, கையி இருக்கு. நான் இன்னைக்கே அடுப்பு மூட்டப் போறேன்." துரைக்கண்ணு வீட்டுக்குப் போய் ஒரு கொட்டாங்கச்சியில் நெருப்பு வாங்கிக்கொண்டு நடந்தாள். கொஞ்சநேரத்தில் அவள் பின்னால் ஒருத்தி போனாள். பிறகு இன்னொருத்தி. சாயங்காலத்துக்குள் ஊர்மேல் புகை படிந்துவிட்டது. பழக்கம் விட்டுப்போன சோறு முதல்நாள் எல்லா வீட்டிலும் குழைந்திருந்தது.

ஆனால் கழியைச் சுற்றிக் குடியிருக்கிற ஊர் கழியைப் பார்க்காமல் இருப்பது எப்படி? பெண்கள் சேலைகளைக் கொண்டுவந்தார்கள். கூரைச்சேலை, பழஞ்சேலை, செத்துப்போனவர்களின் பெட்டியில் கிடந்த சேலை எல்லாவற்றையும் கரை நெடுக மூங்கில் நட்டு வரிசையாகக் கட்டினார்கள். படபடத்துப் பறவைகள் மிரளாமலிருக்க ஓரங்களில் உப்பு மூட்டை வைத்து அமுக்கினார்கள். உப்பளத்துக்குப் போகிறவர்கள் கழிக்கு முதுகைக் காட்டிப் பின்னோக்கி நடந்து போனார்கள். இருபத்தொரு நாள் கட்டுப்பாடு. அந்த நாட்களில் கழியை நோக்கி முகத்தை வைத்து, கண்ணைத் திறந்துகொண்டு நடமாடியவர் துரைக்கண்ணு ஒருவர்தான். கைத்தடியோடு கரைமேல் நடந்து காதால் கேட்டுவந்து ஊருக்குச் சொன்னார். "நல்லா மேயுதுங்க. தொண்டை தெளிஞ்சிருக்கு." பக்கிரிசாமி இருட்டியபிறகு வலை கட்டிப் பிடித்து எடை பார்த்தான். பதினாறு, பதினெட்டு, இருபத்தொன்று.

கட்டுப்பாடு போட்ட அன்றே எல்லாரும் ஒரு விஷயத்தை நினைத்தார்கள், யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் சாகுல் பாய்தான் சொன்னார். "நீலாக்காவுக்கு வேற வழியில்ல. அவங்க மட்டும் பாக்கட்டும். ஒரு ஆளு பாத்து என்னா கொறஞ்சிடப் போவுது?" யாரும் மறுக்கவில்லை. கொட்டகைக்கு நேராக ஒரு சேலை அகலத்துக்கு இடைவெளி விட்டுக் கட்டினார்கள்.

அந்த இடைவெளிக்கு முன்னால் தினமும் காலையில் பக்கிரிசாமி அவளைக் கொண்டுபோய் உட்காரவைத்தான். கட்டுப்பாடு அவனுக்கும் உண்டு என்பதால் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டான். முதுகோடு முதுகு சாய்ந்து இரண்டு மணி நேரம் இருப்பார்கள். திரும்பும்போது அவள் வழக்கம்போலச் சொல்வாள். இன்னைக்குப் பூநாரை. இன்னைக்குக் கூழைக்கடா, நெஞ்சுவரைக்கும் நின்னுருச்சு. ரொம்பிடுச்சாக்கா என்று கேட்டால் முதுகில் தட்டுவாள். தட்டுகிற கை நாளுக்கு நாள் லேசாகிக்கொண்டு வந்தது அவனுக்குத் தெரிந்தது. பறவைகளில் இன்னும் சத்து ஏறவில்லை, ஏறினால் இவளும் தேறுவாள் என்று நினைத்துக்கொண்டான். மறுபடி வேட்டியால் கட்ட வேண்டியிருந்தது.

பதினாறாம் நாள் அவள், "இன்னைக்குக் கரண்டிவாயன்டா. நண்டு ருசி" என்றாள்.

கரைமேல் தடியைத் தட்டிக்கொண்டு வந்த துரைக்கண்ணு நின்றார். "கரண்டிவாயனா? அதுங்க நேத்தே கெளம்பிடுச்சே. வாயால தண்ணிய அலசுற சத்தம் நேத்து சாயந்தரத்திலேர்ந்து இல்லியே" என்றார். சொன்னபிறகு அந்தப் பக்கத்தில் நிலவிய மௌனத்தைக் கேட்டுவிட்டு, தடியை மெல்ல எடுத்து வைத்து நடந்து போய்விட்டார்.

பக்கிரிசாமி கட்டுப்பாட்டை மீறித் திரும்பிப் பார்த்தான். அக்கா கழியைப் பார்த்தபடி நேராக உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் மூடியிருந்தது.

"அக்கா."

"ம்."

"எத்தனை நாளா?"

"மொத நாள்லேர்ந்துதான்."

அவன் மண்டியிட்டு அவள் எதிரே வந்தான். "கண்ணத் தொறக்கா. ஒரே ஒரு தடவ. நீ ஒரு ஆளு பாத்தா ஒண்ணும் ஆவாதுன்னு ஊரே சொல்லுது. எடை ஏறிடுச்சு, நான் பாத்தேன், கொசு உள்ளான் இருபத்தாறு வந்துடுச்சு, பொய்யில்லக்கா, சத்தியமாச் சொல்றேன்." அவள் தலையை ஆட்டினாள். அவன் இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்து, கட்டைவிரலால் இமையை மேலே தூக்கப் பார்த்தான். சின்ன வயதில் காய்ச்சலில் சாப்பிடமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்ட அவன் வாயை அவள் திறக்கப் பார்த்தது இப்படித்தான். அவளுக்குத் தடுக்கிற பலம் இல்லை. அவன்தான் விரலை எடுத்துக்கொண்டான்.

"சாவப் போறவ நான். அதுங்க பொழைக்கப் போறதுங்க. நாலு மாசம் நெறையத் தின்னேன்டா, நீ மறைச்சு மறைச்சுப் போட்ட. எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு, பந்தியில் பரிமாற வருகிறவனிடம் இலைக்குமேல் கையைக் குடைபோல வைப்பார்களே, அதுபோல மடிக்குமேல் கையை வைத்து, "போதும்" என்றாள்.

அவன் அழுதான். அவள் கண்ணைத் திறக்காமலே அவன் தலையைத் தேடித் தடவினாள். மறுநாளும் அங்கேதான் போகவேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டதால், மீதி நாட்களிலும் கூட்டிப்போனான். காற்று நன்றாக வருகிறது என்றாள். ஊரில் யாரிடமும் அவன் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இருபத்தொன்றாம் நாள் சாயங்காலம் துரைக்கண்ணு ஓட்டமும் நடையுமாக வந்து, "எழும்புதுங்க" என்றார். பறக்கிற பறவை எதையும் தின்பதில்லை, பார்த்தால் பாவமில்லை. ஆளாளுக்கு ஓடிச் சேலைகளை அவிழ்த்தார்கள். கழியின் மேற்குப் பாதி முழுவதும் ஒரே நேரத்தில் தண்ணீரைவிட்டு எழும்பியது. பூநாரைகள் இளஞ்சிவப்பாக நீண்டு போயின, உள்ளான்கள் புகைபோலத் திரண்டு, திரும்பி, ஒருகணம் வெளிச்சத்தில் வெளுத்து, மறுபடி கறுத்தன. ஒரு சுற்று சுற்றின. இரண்டு. மூன்று. அவை வடக்கே திரும்பின, போய்க்கொண்டே இருந்தன. யாரும் கைதட்டவில்லை.

பக்கிரிசாமி அக்காவைக் கையில் ஏந்திக்கொண்டு கரையில் நின்றான். அவள் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கூட்டமும் போனபிறகும் வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்தாள். "எவ்வளவு தூரம்டா?" என்று கேட்டாள்.

"நாலாயிரம் மைலுக்கா."

"போய்ச் சேந்துடும்" என்றாள்.

மூன்றாம் நாள் காலை, வெயில் ஏறிய பிறகு, அவள் இறந்துபோனாள். தூக்கியவர்கள், கட்டிலிலிருந்து எடுத்தது ஆளைத்தானா, போர்வையை மட்டும்தானா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டுத் தலை முழுகித் திரும்பும்போது மதியம் தாண்டிவிட்டது.

சாவு வீட்டில் அடுப்பு எரியாது. ஊரிலிருந்துதான் சோறு வரவேண்டும். அன்று கழிமுனையில் சமைத்த ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பாத்திரம் வந்தது. குஞ்சம்மாள் ரசம் கொண்டுவந்தாள், சாகுல் பாய் வீட்டிலிருந்து தூக்குவாளியில் கஞ்சி வந்தது, பாக்கியம் சுண்டவைத்த கீரை வைத்திருந்தாள், பேர் தெரியாதவர்கள்கூடப் பருப்பும் துவையலும் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். வாசலிலிருந்து தெருவரை பாத்திரங்கள்.

பக்கிரிசாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "எனக்கு வேணாம்" என்றான். "எப்புடி எறங்கும் எனக்கு?"

"ஒரு வாயி" என்றாள் குஞ்சம்மாள். இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு வைத்து, ரசத்தை ஊற்றினாள்.

அவன் கையை இலையில் வைத்தான். எடுக்கவில்லை. முற்றத்தில் நூறுபேர் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் நிமிர்ந்து அந்த நூறுபேரையும் பார்த்தான். யாருக்கு முதலில் தோன்றியதோ, கூட்டத்தில் ஒருத்தி மெல்லத் திரும்பி அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். பக்கத்திலிருந்தவரும் திரும்பினார். அப்புறம் எல்லாரும், பெரியவர்களும் பிள்ளைகளும், ஒரு சத்தமில்லாமல் திரும்பிக்கொண்டார்கள். குஞ்சம்மாளும் கரண்டியைக் கையில் பிடித்தபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

யாரும் பார்க்காத அந்த முற்றத்தில் பக்கிரிசாமி, வாய்விட்டு அழுதுகொண்டே, முதல் வாய்ச் சோற்றை எடுத்து வைத்தான். அது தொண்டையைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி, கீழே இறங்கியது.